உடனே புறப்பட்டு வா

எங்கள் பக்கத்தில் சாவைச் சாவு என்று யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். தூரத்தில் இருப்பவர் சேதி கேட்டு வழியிலேயே விழுந்துவிடக் கூடாதல்லவா. அதனால் "உடம்பு முடியல, உடனே வா" என்று மட்டும் சொல்வார்கள். என் கணவர் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனி கேட்டுக்கு இப்படி ஒரு சொல் வந்தால் சூப்பர்வைசர் என்ன ஏது என்று கேட்காமல் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். மாமனார் போனபோது அந்தச் சேதியை அனுப்பியவளே நான்தான். வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் அவர் அழுதார். ஆக, இந்த வழக்கம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் தெரிந்தவள் என்ற அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் துபாயில் இருந்தோம். அவருக்கு ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. இரண்டு அறை ஃபிளாட் ஒன்றை ஒரு மலையாளிக் குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொண்டோம். அவர்களுக்கு ஒரு அறை, எங்களுக்கு ஒரு அறை, அடுப்படி பொது. காலை ஏழு மணி வரை அந்த வீட்டுச் சேச்சியின் முறை, அதற்கப்புறம் என்னுடையது. ஃபிரிட்ஜில் மேல்தட்டு என் இட்லி மாவு, கீழ்த்தட்டு அவள் மீன். மாவில் மீன் வாடை என்று நான் முகம் சுளிப்பேன். மாவு பொங்கி மீன்மேல் வழிகிறது என்று அவள் சுளிப்பாள். சண்டை போட்ட கையோடு இரண்டு பேரும் டீ குடிப்போம். எட்டு வயது மகள் சேச்சியின் பிள்ளைகளோடு மலையாளமும் வாட்ச்மேனோடு இந்தியும் பேசினாள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு மொழி ஒரு பொருட்டா.

அம்மா மத்திகிரியில் தம்பி வீட்டில் இருந்தாள். மாட்டுப் பண்ணையில் புல் அறுத்து எங்களை வளர்த்தவள். ஒருமுறை நான் லீவில் போயிருந்தபோது, "அந்த ஊர்ல மாடு கண்ணு இருக்குதா?" என்று கேட்டாள். ஒட்டகம்தான் இருக்கிறது என்றேன். "அதுக்கு யாரு புல்லு அறுக்கறா?" என்றாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை சேச்சியின் அறையில் இருந்த போனுக்குத் தம்பி கூப்பிட்டான். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பூத்திலிருந்து பேசினான். பின்னால் பஸ் சத்தம்.

"அக்கா, அம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல. ஒடனே பொறப்பட்டு வா."

குரல் உடைந்திருந்தது. நான் "சரி" என்றேன். அவ்வளவுதான். உயிர் இருக்கிறதா என்று பெற்றவளைப் பற்றி எந்த வாயால் கேட்பது? போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். சேச்சி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

மதியம் கணவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாக, "ஒருவேளை நெசமாவே முடியாம இருந்தா? எதுக்கும் ஒன் தம்பி வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டுக் கேட்டுப் பாக்கலாமே" என்றார்.

"எங்க ஊரு எனக்குத் தெரியாதா? எங்கம்மா போயிட்டா. செத்தவளுக்குப் போன் போட்டு எப்படி இருக்கன்னு கேக்கச் சொல்றீங்களா?"

அவர் என் வாய்க்குப் பயந்தவர். அன்றைக்கு மட்டும் பயப்படாமல் இருந்திருக்கலாம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மூன்று நாள் தீட்டுக் காத்தேன். எனக்கும் சேர்த்துச் சேச்சியே சமைத்தாள். பெட்டியிலிருந்த அம்மாவின் படத்தைத் துடைத்து அலமாரியில் வைத்து விளக்கேற்றினேன். எப்படிப் பறந்தாலும் முகம் பார்க்க முடியாது, அதற்குள் எடுத்திருப்பார்கள். மகளுக்கு அடுத்த வாரம் முழுப் பரீட்சை. பாஸ்போர்ட்டைக் கம்பெனியிலிருந்து வாங்க வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று முடிவு செய்தேன். சேதி வருவதற்கு முதல் நாள் ஞாயிறே உயிர் போயிருக்கும் என்று வைத்துக் காலண்டரில் நாள் எண்ணிப் பார்த்து, காரியத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னேன்.

சனிக்கிழமை தம்பி மறுபடி கூப்பிட்டிருக்கிறான். நான் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் ஞாயிறு வீட்டில் இருப்பாள் என்று சேச்சி சொன்னாளாம். "அது வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம். பாவம், துக்கத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு விமானம் ஏறினோம். அங்கிருந்து ரயிலில் பெங்களூர், பஸ்ஸில் ஓசூர், ஆட்டோவில் மத்திகிரி. வாசலில் பந்தல் இருந்தது. காரியம் முடியட்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

தம்பி ஈரத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி குழாயடியில் பித்தளைச் சொம்பு கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இப்பத்தான் அண்ணி பால் ஊத்திட்டு வர்றோம். மூணு நாளு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

பால் ஊற்றுவது மூன்றாம் நாள். என் கணக்குக்கு அது பதினைந்தாம் நாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதபடி சொல்லிக்கொண்டே போனாள். வலப்பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் கடைசி வரை இருந்தது.

"அக்கா ஞாயித்துக்கெழம வந்துரும்னு இவரு வந்து சொன்னாரு அண்ணி. அன்னியிலிருந்து தெனமும் விடிஞ்சதும், இன்னைக்கு என்னா கெழமன்னு கேப்பாங்க. வெள்ளிக்கெழம காத்தாலயும் கேட்டாங்க. வெள்ளின்னு சொன்னேன். இன்னும் ரெண்டு நாளான்னாங்க. அப்பறம் கஞ்சி எறங்கல."

அந்த நேரத்தில் நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

தம்பி தலை நிமிரவே இல்லை. "ஒடனே வான்னுதானக்கா சொன்னேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன்டா என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது என்று எதையோ உளறினேன். அவன் தலையை ஆட்டினான்.

என் கணவர் அதற்கப்புறம் ஒருநாளும் "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மகள் பரீட்சைக்காக அக்கா அம்மாவைக் காக்க வைத்துவிட்டாள் என்றுதான் தம்பி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்து போவான். முகம் கொடுத்துப் பேச மாட்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவள் என்னை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்த பதினோரு நாளும், நான் அவள் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்ல.