மிஸஸ் யெஸ் நடத்திய பட்டன் வகுப்பு

தையல்காரி கையில் ஊசி இருந்தால் உலகமே அவள் கைக்குள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தவள். ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்லிவிடுவாள், அரை அங்குலம் தப்பாது. அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் கணவன் பின்னால் கடல் தாண்டி வந்து, இந்த ஊரில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினாள் என்றால் நம்புவீர்களா? அந்தச் சொல் "யெஸ்".

யார் என்ன கேட்டாலும் யெஸ்தான். புரியவில்லை என்று சொன்னால் எதிராளி மனசு நோகுமோ, தன்னை மட்டமாக நினைப்பார்களோ என்று ஒரு பயம். ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், கூடவே ஒரு யெஸ், தொல்லை தீர்ந்தது. எங்கே தீர்ந்தது? மாடி வீட்டுக்காரி என்னவோ கேட்டாள், இவள் யெஸ் என்றாள். மறுநாள் கன்றுக்குட்டி கணக்காக ஒரு நாய் வந்து நான்கு நாள் சோபாவில் படுத்துக்கொண்டது. முடி வெட்டும் கடையில் மூன்று யெஸ் சொன்னாள். இடுப்பு வரை இருந்த கூந்தல் காதோடு நின்றுபோனது. அன்று கதவைத் திறந்த கணவன், "யாருங்க வேணும்?" என்று கேட்டாரே, அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வீட்டுக்கு வாய் நாத்தனார்தான். பத்து வருஷம் முன்னாலேயே வந்து வேரூன்றியவள். வங்கியோ ஆஸ்பத்திரியோ, அண்ணிக்காக அவளே பேசுவாள். பேசிவிட்டு ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டுவாள். சலவைக்கடைக்குப் பக்கத்தில் துணி திருத்தும் கடையில் ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்து அழைத்துப்போனதும் அவள்தான். தையல்காரி மடித்துத் தைத்துக் காட்டிய பேன்ட் விளிம்பைக் கடைக்காரர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் நீளமாக ஏதோ சொன்னார்.

"உங்க கை தங்கமாம் அண்ணி," என்றாள் நாத்தனார். "ஆனா கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்களே பேசணுமாம். பேச்சு வந்ததும் வாங்கன்னு சொல்றார்."

ஜன்னலோரம் ஒரு மிஷின் சும்மா கிடந்தது. வெளியே வந்த பிறகும் தையல்காரி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த மிஷின் தனக்கு வேண்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லாத உடம்பு அது. எட்டு மாதமாக அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அப்படித்தான் நூலக மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு. குழந்தைகள் பிரிவு நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தபால்காரம்மா. தெருமுனையில் இருந்தே ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். முதல் நாள் உள்ளே நுழைந்தால், முன் வரிசையில் யார்? அவள் கூந்தலைக் காவு வாங்கிய முடி வெட்டுகிறவர்! அவரும் அவளைப் போல வேறெங்கிருந்தோ வந்தவர்தானாம். அன்றைக்கு அவள் இரண்டு விரல் அகலம் காட்டியது அவருக்கும் புரியவில்லை. அவரும் யெஸ் என்றுதான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறி யெஸ் சொன்னதில் போனது ஒருத்தியின் முடி. அவர்தான் அவளுக்கு "மிஸஸ் யெஸ்" என்று பட்டம் கொடுத்தார். கொடுக்க அவருக்கு உரிமை உண்டு.

வகுப்பில் பாடம் பாதி, கூத்து பாதி. ஆளுக்கொரு வாரம் தனக்குத் தெரிந்த வித்தையை ஆங்கிலத்தில் சொல்லி நடத்த வேண்டும். ஒரு வாரம் ஒருவர் பாடுவார், இன்னொரு வாரம் இன்னொருவர் ஆடிக் காட்டுவார், பார்க்க உள்ளூர்க்காரர்களும் வருவார்கள். ஒருநாள் தபால்காரம்மா தையல்காரியிடம் வந்து வரிசையாக ஏதேதோ கேட்டார். யெஸ், யெஸ், யெஸ். போட்டோ எடுத்தார். அதற்கும் ஒரு யெஸ்.

அடுத்த வாரம் நூலக வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நாத்தனார் நின்றபடியே கத்தினாள். "அண்ணி! இது நீங்கதானே? 'பட்டன் தைக்கக் கத்துக்கலாம், ஒரு மணி நேரம், ஆங்கிலத்தில்'னு போட்டிருக்கு. நீங்க தனியா நடத்துறீங்களாம்!"

தையல்காரி நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்னு போய்ச் சொல்லிடும்மா."

"நல்லா இருக்கே! துணி திருத்துற கடைக்காரருக்கே இந்த நோட்டீஸ் ஒண்ணு கொடுத்துட்டு வரேன் பாருங்க. உங்களுக்கு இதை விட்டா வேற சந்தர்ப்பம் கிடைக்காது."

கொடுத்தும்விட்டாள், பாவி. பத்து நாள் அடுப்படியில் ஒத்திகை நடந்தது. கணவன் மாணவன், அவர் சட்டைகள் பலி. ஆறு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி உருப்போட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு துணி, ஊசி, நூல், பட்டன். கடைசி வரிசையில் கழுத்தில் அளவு டேப்போடு கடைக்காரர், பக்கத்தில் நாத்தனார். தையல்காரி ஆறு வாக்கியங்களையும் ஒப்பித்தாள். நான்கே நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது.

"அண்டர்ஸ்டாண்ட்?"

"யெஸ்!" என்றார்கள் இருபது பேரும், சிரித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாக அப்படியே தலையாட்டியவள் அவள்தானே! பாம்பின் கால் பாம்பறியும். நேரே போய் முடி வெட்டுகிறவர் கையைத் தூக்கிப் பார்த்தாள். துணியைத் தன் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தார் மனுஷன். கடைசி வரிசையில் இன்னும் மோசம். ஊரையே வாயால் அளக்கும் நாத்தனார், நூலே கோக்காத ஊசியை மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நோ யெஸ்!" என்று போட்டாளே ஒரு சத்தம்! "நோ யெஸ்! ஷோ மீ!"

அறை ஒரு கணம் திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தது தபால்காரம்மாதான். அதற்கப்புறம் அட்டையை யார் பார்த்தார்கள்? ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "திஸ். நாட் திஸ். அகெய்ன்," என்று போய்க்கொண்டே இருந்தாள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் சின்ன உறைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியவில்லை. விரலைத் தூக்கிக் காட்டி, "ஐ டோன்ட் நோ. யூ டெல் மீ," என்றாள். நான்கு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அவள் மதிப்பு ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை; ஏழேகாலுக்கு நூலகக்காரர் வந்து விளக்கை அணைத்து அணைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

எல்லோரும் எழுந்தபோது கடைக்காரர் அவளிடம் நேராக வந்தார். நாத்தனாரைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார். தினம் பத்து மணியிலிருந்து எட்டு மணி வரை. ஜன்னலோர மிஷின். இவ்வளவும் அவளுக்கே புரிந்தது.

"ட்யூஸ்டே, தர்ஸ்டே, நோ," என்றாள். "ஐ ஹேவ் கிளாஸ்."

"ஐயோ அண்ணி!" நாத்தனார் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "யெஸ்னு சொல்லித் தொலைங்க! எல்லாத்துக்கும் சொல்வீங்களே!"

கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு கடகடவென்று என்னவோ சொன்னார். தையல்காரிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேண்டாம் என்கிறாரா? பழக்கதோஷத்தில் தலை ஆடத் தொடங்கியது. இழுத்துப் பிடித்து நிறுத்தினாள்.

"அகெய்ன் ப்ளீஸ். ஸ்லோ."

அவர் விரலை மடக்கி மடக்கி, நிதானமாகத் திரும்பச் சொன்னார். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கே கிளம்பிவிடலாம். சனிக்கிழமை மட்டும் அதற்கு ஈடாகக் காலையில் சீக்கிரம் வர வேண்டும். சரியா?

அவள் மனசுக்குள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"யெஸ்," என்றாள் மிஸஸ் யெஸ்.