ரவுடி அடி வாங்கிய ஞாயிற்றுக்கிழமை

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நிலக்ஷி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. ரவுடி நிலக்ஷி வீடு என்று கேளுங்கள், தவழ்கிற பிள்ளைகூட கையை நீட்டிக் காட்டும். வயது பதினாறு. ஆளைப் பார்த்தால் ஈர்க்குச்சி. ஆனால் அந்தப் பெயர் இருக்கிறதே, அது அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்து வரும்.

பெயர் சும்மா வரவில்லை. அவள் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு சாயங்காலம், தங்கச்சி நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு டியூசன் முடிந்து வந்துகொண்டிருந்தாள். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த சுதாகரன், அவளைவிட ஒரு வகுப்புக் கூடியவன், நிஷாந்தியின் குடையைப் பிடுங்கிக் கம்பியை வளைத்து ஒடித்தான். நிலக்ஷி முன்னால் வந்தாள். கையிலிருந்த இரும்புத் தண்ணீர்ப் போத்தலால் ஒரே வீச்சு. சுதாகரனின் முன்பல் பாதி போய்விட்டது.

தோட்டத் தலைவர் வீட்டில் விசாரணை வைத்தார்கள். நிலக்ஷியின் அம்மா நாகலெட்சுமி கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்து நின்றாள். “எம்புள்ள சும்மா போனவன அடிக்கலைங்க. கொட ஒடைஞ்சிச்சு, பல்லு ஒடைஞ்சிச்சு. சரிக்குச் சரி” என்றாள். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாகலெட்சுமியைக் குறை சொல்லவும் ஏலாது. புருசன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் முகம் காட்டுவார். வீட்டில் மூன்றும் பொம்பளைகள். “முந்திக்கிட்டு அடிடி, பெறகு பேசிக்கலாம்” என்பதுதான் அவள் மகளுக்குச் சொல்லி வளர்த்த பாடம்.

அன்றிலிருந்து பாலத்துப் பையன்கள் அந்த அக்கா தங்கச்சியைக் கண்டால் போனைப் பார்க்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போக அந்தப் பாலத்தை விட்டால் வேறு பாதை இல்லை. நிலக்ஷி சுவெட்டர் பையில் கையை முஷ்டியாக மடக்கி வைத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டுவாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். ஆனால் பெயர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள், பெயரும் பார்த்துக்கொண்டது.

இப்படிப்பட்டவளைத்தான் பாடசாலை நாடகத்தில் அடி வாங்குகிற பையனாக்கினாள் பிரேமினி. உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை. நாடகத்தை எழுதியவளும் அவளே, பழக்கியவளும் அவளே. தங்களோடு சேர்ந்து இன்னொருவனை அடிக்க வரமாட்டேன் என்று சொல்லும் ஒரு மாணவனை, வகுப்புச் சண்டியன் நடுரோட்டில் போட்டு அடிக்கிறான். அதுதான் கதை.

“நானாக்கா அடி வாங்குறது? ஊரே சிரிக்கும்” என்று குதித்தாள் நிலக்ஷி. “என்னைய அந்தச் சண்டியனாப் போடுங்க.”

“சண்டியனா யாரு வேணும்னாலும் நடிப்பாங்க. அடி வாங்குறதுதான் கஷ்டம்” என்றாள் பிரேமினி.

மேடை அடியின் சூட்சுமம் தெரியுமோ? அடிக்கிறவனின் கை கன்னத்துக்கு முன்னால் காற்றைத்தான் வெட்டிப் போகும். சத்தம் போடுவது அடி வாங்குகிற ஆள். அடி விழுகிற அதே நொடியில் முகத்தையும் திருப்பி, சபைக்குத் தெரியாமல் இரண்டு கையையும் இடுப்போரம் தட்ட வேண்டும். முயன்று பார்த்த மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அடி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். நிலக்ஷிக்கோ முதல் தடவையே பளீரென்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கன்னத்தைத் தடவினார்கள். அப்புறம் எங்கே தப்பிப்பது!

சண்டியனாக வந்தவன் சிப்னாஸ். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முனாப் நானாவின் மகன். ஆள் உருவம் அலுமாரி, மனசு வெண்ணெய். ஒவ்வொரு ஒத்திகையிலும் கையை ஓங்குவதற்கு முன்னால், “நிலக்ஷி, படாதுதானே?” என்று கேட்பான்.

“படாதுடா, அடி!” என்று அவள் அதட்டுவாள். சண்டியனை அடி வாங்குகிறவள் அதட்டி அடிக்க வைத்த நாடகம் அது ஒன்றுதான் இருக்கும்.

அடி சரியாக வந்தது, அழுகைதான் வரவில்லை. “நீ அழுவுறது ‘எவன்டா அங்க’ன்னு கேக்குற மாதிரியே இருக்குடி” என்று தலையில் கை வைத்தாள் பிரேமினி. நிலக்ஷியும் என்ன செய்வாள், பாவம். அடி வாங்கிய ஆள் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததே இல்லையே. யோசித்தபோது ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தான். அன்றைக்கு அடித்துவிட்டு விறுவிறுவென்று போனவள், வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாள். சுதாகரன் அழவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் பாலத்தோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்த செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தான். அந்த ஞாபகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தள்ளி வைத்துவிட்டாள்.

முதல் மேடையேற்றம் தோட்டத்து மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, மண்டபம் நிரம்பி வாசல் வரைக்கும் சனம். நாகலெட்சுமி நல்ல சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். பாலத்துப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்களில் சுதாகரனும் நின்றான்.

காட்சியில் மொத்தம் மூன்று அடி. முதல் அடி பளீரென்று வந்தது. இரண்டாவதற்குச் சிப்னாஸ் கையை ஓங்கினான். சனத்தைக் கண்ட பதற்றத்தில் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான். அலுமாரி கை, நிஜமாகவே விழுந்தது. நிலக்ஷி சுருண்டு விழுந்தாள். உதடு கிழிந்தது, காலில் கிடந்த ரப்பர் செருப்பு ஒன்று எங்கேயோ பறந்தது.

ரத்தத்தைக் கண்டதும் நாகலெட்சுமி எழுந்தாள். “அடியேய்! என்னாடி பாத்துக்கிட்டு கெடக்குற? திருப்பிக் குடுடி!”

பின்னாலிருந்து விசில் பறந்தது. “ரவுடி, விடாத!”

சிப்னாஸ் ஒரு எட்டுப் பின்னால் போனான். “யா அல்லா, வேணும்னு செய்யல நிலக்ஷி” என்று உதட்டை மட்டும் அசைத்தான். கண் நிரம்பிவிட்டது.

அவளுடைய வலது கை தானாகவே மடங்கியிருந்தது. ஒரு குத்து, போதும். சனம் கை தட்டும், பெயர் பிழைக்கும், நாளைக்குப் பாலத்தில் தலைகள் குனியும். அடிக்காமல் விட்டால், ரவுடி அடி வாங்கிக்கொண்டு கிடந்தாள் என்பதுதான் ஊருக்குப் பேச்சு. அவள் சிப்னாஸின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் போய் எப்படி அடிப்பது? ஒரு கையால் வாயைப் பொத்தினாள். மடங்கியிருந்த மற்றக் கை விரிந்தது, மேடைப் பலகையைத் தடவித் தடவிச் செருப்பைத் தேடியது. தேடத் தேட அழுகை வந்தது. பழக்கியும் வராத அழுகை, சளியும் எச்சிலுமாக, கொஞ்சமும் அழகில்லாத அழுகை.

“மூணாவது அடிடா” என்று எழுந்து நின்று விம்மலுக்கு நடுவில் கிசுகிசுத்தாள். “சத்தம் நான் போடுறேன்.”

சிப்னாஸ் கையை வீசினான், அவள் தட்டினாள். மண்டபத்துப் பொம்பளைகள் ஒரே குரலில் “ஐயோ!” என்றார்கள். நாகலெட்சுமி தொப்பென்று உட்கார்ந்து, “பாவி மகளே” என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வீட்டில் மஞ்சளைக் குழைத்து மகளின் உதட்டில் பூசிக்கொண்டே நாகலெட்சுமி சண்டைக்கு வந்தாள். “ஏண்டி திருப்பி அடிக்கல?”

“அடிச்சிருந்தா நாடகம் முடிஞ்சிருக்கும்மா.”

“முடிஞ்சா முடியட்டும். நாளைக்கு எந்த மொகத்தோட அந்தப் பாலத்தத் தாண்டுவீங்க ரெண்டு பேரும்?”



மறுநாள் பாடசாலை விட்டு வரும்போது பாலத்துக் கட்டையில் நான்கு பேர் இருந்தார்கள். யாரும் போனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்கள். நிஷாந்தி அக்காவின் சுவெட்டரைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, அம்மா, ஏஞ் செருப்பு!” என்று இழுத்து அழுது காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். நிலக்ஷியின் கை சுவெட்டர் பைக்குள் போயிற்று.

“வாய மூடுடா” என்றான் சுதாகரன். கட்டையிலிருந்து குதித்து அவள் முன்னால் வந்து நின்றான். பாதிப் பல் தெரிந்தது. “நான் அப்பிடித்தான் தேடுனேனா?”

“ஆமா.”

“நீ பாக்கவே இல்லேன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“திரும்பிப் பாத்தேன். ஒரே ஒரு தடவ.”

அவன் பாலத்தடித் தண்ணீரைப் பார்த்தான். “அந்தச் செருப்பு ஆப்டவே இல்ல, தெரியுமா? ஒத்தச் செருப்போட வீட்டுக்குப் போனேன். தொலைச்சதுக்கு அப்பா வேற வெளுத்து வாங்கிட்டாரு.”

நிலக்ஷி அடித்த அடி பாலத்தோடு முடியவில்லை, அவன் பின்னாலேயே வீடு வரைக்கும் போயிருக்கிறது. பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

“தெரியாதுடா எனக்கு. மன்னிச்சுக்க” என்றாள்.

இதைக் கேட்டுப் பழக்கமில்லாத சுதாகரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காதைச் சொறிந்தான். “கொடைய நான்தானே ஒடச்சேன்” என்று முணுமுணுத்துவிட்டு, நிஷாந்தியின் பக்கம் திரும்பி, “போங்க, மழ வருது” என்றான்.

இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி மேலே ஏறினார்கள். வளைவு வந்ததும் நிஷாந்தி மெதுவாகக் கேட்டாள். “அக்கா, இனிமே அவன நம்ம பயமுறுத்த வேணாமா?”

“வேணாம்” என்றாள் நிலக்ஷி. சொல்லிவிட்டு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தாள். சுதாகரன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.