கடைசி இரண்டு பத்திகள்

எங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பை மூடியபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ் மாத இதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. "பேப்பர்ல இருந்து என்ன கொண்டு வர்றீங்க சார்?" என்று நேர்காணலில் இதழின் ஆசிரியர் கேட்டார். என்னைவிட வயதில் மிகச் சிறிய பெண். வேகம், தலைப்பு, பக்கத்துக்கு ஏற்ப வெட்டுவது என்றேன். சில மாதம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்.

வெட்டுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து எடுத்துக்கொண்டே வரலாம், படிக்கக்கூட வேண்டாம். விபத்தானாலும் சரி, பட்ஜெட்டானாலும் சரி. மனசு மரத்துப்போனதால்தான் அந்த நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார முடிந்தது.

இதழில் ஆசிரியருக்கு என்மேல் ஒரே புகார்தான். "எல்லாம் கரெக்டா இருக்கு சார். ஆனா படிச்சா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது." ஒருநாள் ஒரு கட்டுரையைக் கொடுத்து, "இதைப் பார்த்துட்டு உங்க விஷயத்தை முடிவு பண்ணலாம்" என்றார். இந்த வேலையும் போனால் இந்த வயதில் எவன் கூப்பிடுவான்? பயம்கூட வரவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

லிங்கராஜபுரத்து டீச்சர் ஒருவர், ஆஸ்பத்திரியில் கணவரோடு கழித்த நாட்களை எழுதியிருந்தார். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி இரண்டு பத்தி மிஞ்சியது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கடைசி இரண்டையும் தூக்கினேன், பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. அச்சுக்குப் போகுமுன் எழுதியவரிடம் பக்கத்தைக் காட்டுவது இதழின் வழக்கம். நாளிதழில் அதெல்லாம் கிடையாது. டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் ஆசிரியரும் பக்கத்தைப் பார்த்திருந்தார். "சார், அவர் இறந்துபோறதே அந்தக் கடைசி ரெண்டு பத்தியிலதான். படிச்சீங்களா இல்லையா?"

படிக்கவில்லை.

"டீச்சருக்கு போன் பண்ணி சாரி சொல்லுங்க. அப்புறம் என்னை வந்து பாருங்க."

அந்த அப்புறம் என்னவென்று எனக்குத் தெரியும். போன் செய்தேன். தவறு நடந்துவிட்டது, முடிவைத் திரும்பச் சேர்த்துவிடுகிறோம் என்றேன்.

"வேண்டாம் சார். நீங்க அனுப்பினதைத் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டு இருக்கேன். அதுல அவர் கஞ்சி குடிச்சிட்டு, ஜன்னலைத் திறன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கார். அப்படியே விட்டுடுங்க."

ஆசிரியரிடம் போய் அதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். பக்கம் அப்படியே போகட்டும், நீங்களும் இங்கேயே இருங்கள் என்றார். வேலை நிலைத்தது.

என் இடத்துக்கு வந்து, வெட்டிய பத்திகளைத் தேடி எடுத்து முதல்முறையாகப் படித்தேன். எனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது. இனி யாரும் அச்சடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அதை இரண்டாக உடைத்தேன்.