பத்துக்கு மேலயும் ஆறுக்கு முன்னாலயும்

அலுவலகத்தில் அவளுக்கு 'ஈயடிச்சான்' என்று பெயர். வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் பைத்தான் கணினி மொழியில் எழுதிக் கொடுத்துவிடுவாள். யாரும் குறை சொன்னதில்லை. அதனால் பட்டப்பெயரைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பெற்றவர்கள் போனபின் அவள் கையில் வளர்ந்தவன் தம்பி. மீன் உறையவைக்கும் குளிர்கிடங்கில் அவனுக்கு இரவு வேலை. குழாயில் அமோனியா நச்சுவாயு கசிந்தால் அங்கே கணினி மோப்பம் பிடித்துச் சங்கு ஊதும். பகலில் தரை கழுவும் மருந்தின் வாடைக்கே ஊதித் தொலைத்தது.

"அக்கா, பகல்ல கத்தாமப் பண்ணிக் குடேன். உங்கக்கா கம்ப்யூட்டர்காரிதானேன்னு ஆளுங்க என் தலைய உருட்டுறாங்க."

"எப்பக் கத்தணும், அதச் சொல்லு."

"ராத்திரி பத்துக்கு மேலயும், காலையில ஆறுக்கு முன்னாலயும்."

"அதாவது, நீ தூங்குற நேரம்."

"மேனேஜர்கிட்டப் போட்டுக் குடுத்துடாத தாயே!"

சொன்னபடியே எழுதினாள். மணி பத்துக்கு மேல். மணி ஆறுக்கு முன். நடுவில் அவனுடைய 'உம்'முக்கு 'ஆண்ட்'. மதியம் போய்க் கணினியில் பொருத்தி, மோப்பக் கருவியிடம் மருந்தைக் காட்டிப் பார்த்தாள். சங்கு வாய் திறக்கவில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே ஒரு ராத்திரி குழாய் கசிந்தது. விடிந்து வந்தவர்கள்தான் அவனைக் கதவருகே விழுந்து கிடக்கக் கண்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் கேட்டார்: "சங்கு ஏம்மா ஊதவே இல்ல?"

அவள் தான் எழுதிய வரியை மனதுக்குள் படித்துப் பார்த்தாள். 

அவன் சொன்ன 'உம்' இரண்டு வேளையையும் சேர்த்தது. அவள் போட்ட 'ஆண்ட்', ஒரே மணி இரண்டு வேளையிலும் இருக்க வேண்டும் என்றது. பதினொன்று, ஆறுக்கு முன்னால் வராது. மூன்று, பத்துக்கு மேல் வராது. பகலில் அது ஊதாதது சரி என்று நம்பினாள். அது எப்போதுமே ஊதாது.

மறுநாள் கிடங்குக்குப் போய் 'ஆண்ட்'டை எடுத்துவிட்டு, இதுவோ அதுவோ என்னும் 'ஆர்' போட்டாள். பட்டப்பகலில் கணினிக் கடிகாரத்தை ராத்திரிக்குத் திருப்பினாள். மருந்தைக் காட்டியதும் கட்டடமே அதிர்ந்தது.

"காது கிழியுது, நிறுத்தும்மா!" என்று கத்தியபடி ஆட்கள் வாசலுக்கு ஓடினார்கள். எல்லோரும் வெளியே போகும்வரை அவள் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பி பிராணவாயு முகமூடியைச் சற்று விலக்கினான்.

"நான்... தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"நீ சரியாத்தான்டா சொன்ன. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

காதில் விழுந்ததா, தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கி, அந்த முகமூடிக்கு வேலை இல்லாமல் போயிற்று.