பின்சக்கரத்துப் பேரிங்

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அவருடைய அண்ணன் எங்களுக்குப் பெரியத்தா. ஜெகதாப்பட்டினத்தில் அந்தக் காலத்தில் வாடகைக்கு ஓடிய கார் ஒன்றே ஒன்றுதான். அது இவர்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது. எனக்கு எட்டு வயதான வருஷம் அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். காரை அத்தா எடுத்துக்கொண்டார், லாரிகள் நிற்கும் செட்டைப் பெரியத்தா எடுத்துக்கொண்டார். கார் போகிற வீட்டுக்கு அதன் ஸ்பேனர் பெட்டியும் போக வேண்டுமே என்று பஞ்சாயத்து பேசிய பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டி செட்டிலேயே தங்கிவிட்டது. கேட்டு வாங்க அத்தாவுக்கு மனமில்லை. கூப்பிட்டுக் கொடுக்கப் பெரியத்தாவுக்கும் மனமில்லை. எங்கள் வீட்டுக்கும் அந்தச் செட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளிவாசலும் ஏழெட்டு வீடுகளும்தான். ஒரு வருஷமாக இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கடற்கரை ஊரில் காருக்கு ஆயுசு குறைவு. அறந்தாங்கிக்குப் போகிறவர்கள் மீன்கூடையோடுதான் ஏறுவார்கள். கூடையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் சும்மா இருக்குமா? ஒரு மாசி மாதத்தில் பின்சக்கரத்திலிருந்து ஊளைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் மெலிதாக. பிறகு கார் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா உலையை இறக்கிவிடும் அளவுக்கு. பேரிங் போய்விட்டது என்றார் அத்தா. திருச்சிக்குச் சொல்லிவிட்டதில், பஸ் கண்டக்டர் கையில் புதுப் பேரிங் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அத்தா எண்ணெய்த்தாளைப் பிரித்து அதை விரலில் கோத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். சத்தமே இல்லாமல் அது சுற்றியது. மறுநாள் வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஏறுவதற்கு எங்கள் காரைத்தான் பேசியிருந்தார்கள்.

வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். பிறகு ஒரு சாக்கை விரித்துத் தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்துப் பரப்பினார். இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஆசாரி வீட்டில் கேட்டு வாங்கிய மரச்சுத்தியல், ஓர் உளி, கைப்பிடி அளவு பித்தளைத் தண்டு ஒன்று. அவற்றைப் பார்த்துக்கொண்டு அவர் குந்தியிருந்த விதம், சந்தையில் கையில் காசு பற்றாமல் மாட்டைப் பார்த்து நிற்பவரைப் போல இருந்தது.

வேலை பாதிவரை நன்றாகத்தான் போனது. பேரிங்கின் வெளிப்பகுதி கழன்று வந்துவிட்டது. உள்வளையம் மட்டும் அச்சோடு அச்சாகப் பிடித்துக்கொண்டது. மரச்சுத்தியலுக்கு அது அசையவில்லை. பித்தளைத் தண்டை வைத்துத் தட்டினார், தண்டின் முனைதான் காளான் மாதிரி விரிந்தது. இனி மிச்சம் இருந்தது உளியும் இரும்புச் சுத்தியலும்.

“இரும்ப இரும்பால அடிக்கக் கூடாது” என்று அத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “புல்லர் வேணும்.”

புல்லர் எனக்குத் தெரியும். மூன்று கொக்கிக்கால்களும் நடுவில் ஒரு திருகாணியும் உள்ள சாமான். கால்களை வளையத்தில் மாட்டித் திருகாணியைத் திருகினால், அடிக்காமல் கொள்ளாமல் வளையம் தானாக வெளியே வரும். அது செட்டில் இருந்த பெட்டிக்குள் இருந்தது.

நெடுநேரம் கழித்து அத்தா என்னைக் கூப்பிட்டார். “பெரியத்தாகிட்டப் போயி, அத்தா புல்லர் கேட்டாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு வருஷமும் அவள் சொல்லி வந்தது என் காதில் நிறைந்திருந்தது. “நாம போயி அவுக வாசல்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். அதத்தான் அவுக எதிர்பாக்குறாக.”

செட்டில் பெரியத்தா லாரிக்கு அடியில் படுத்திருந்தார். நான் சொன்னதும் வெளியே வந்து உட்கார்ந்தார். அங்கே இரண்டு லாரி கிளீனர்களும் மூட்டை தூக்குகிற ஆட்களும் நின்றிருந்தார்கள். பெரியத்தாவுக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. மெதுவாகப் பேசினாலே தெரு முழுக்கக் கேட்கும்.

“புல்லரத் தர முடியாது. அது ஒத்தக்கை வேல இல்ல. ஒருத்தன் பிடிக்கணும், ஒருத்தன் திருகணும். ஒங்கத்தாவ இங்கிட்டு வரச் சொல்லு.”

கிளீனர் ஒருவன் சிரித்தான். எதற்குச் சிரித்தானோ தெரியாது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மா சொன்னது அப்படியே நடந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிவாசலைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன். என் அத்தா அந்த வாசலில் போய் நிற்கக் கூடாது. அவரைப் போகவிடாமல் காப்பது என் பொறுப்பு.

“என்ன சொன்னாங்க?”

“தர மாட்டாங்களாம்.”

அத்தா கந்தல் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“வேற எதும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“நல்லா நெனச்சுப் பாரு. வேற ஒண்ணுமே சொல்லலியா?”

“ஒண்ணுமே சொல்லல.”

அவர் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டிருந்தார். அதைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா, “விடுங்க, அறந்தாங்கியில இருந்து ஆளக் கூட்டியாரலாம்” என்றாள். “அவன் வந்து சேருறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிரும்” என்று சொல்லி அத்தா உளியை எடுத்தார்.

நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, சத்தம் மாறியது. கண்ணாடி உடைந்தாற்போல ஒரு சத்தம். வளையம் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. நான் கையைத் தட்டினேன். வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அத்தா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி கொண்டா” என்று நிதானமாகக் கேட்டார். ரத்தம்கூட அதிகம் இல்லை. கடுகளவு இரும்புச் சில்லு உள்ளே போயிருந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, பெரியத்தா செருப்பில்லாமல் ஓடிவந்தார். தம்பியைத் தூக்கி லாரியில் உட்கார வைத்து அவரே ஓட்டினார். அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள், அந்தக் கண் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் பெரியத்தா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சிறுபிள்ளை போல விம்மினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியின் கையைப் பிடித்திருந்தார்.

“ஒத்தக்கை வேல இல்லடா, வாடான்னு சொல்லி விட்டேனே. இந்தப் பிள்ளகிட்ட அம்புட்டும் சொல்லித்தானே விட்டேன்! நீ வருவேன்னு பொட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேனே!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது மெல்ல இறுகியது. அத்தா கட்டுப் போடாத கண்ணால் என்னை ஒரு முறை பார்த்தார். கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. பிறகு மேல்கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

“பிள்ள சொல்லுச்சுண்ணே. நாந்தான் வரல.”

பெரியத்தா பிடித்திருந்த கையை விட்டார். “சொல்லுச்சா?” என்றார். பெரியத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அப்ப நான் வாரேன்” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. அன்று எனக்கு அடி விழவில்லை. அந்த நிம்மதியில் ஆஸ்பத்திரி வாசலில் அம்மா வாங்கித் தந்த இரண்டு பன்னையும் நானே தின்றேன்.

ஒற்றைக் கண்காரருக்கு லைசென்ஸ் கிடையாது. கீரமங்கலத்து வெற்றிலை வியாபாரி ஒருவர் வந்து காரை விலை பேசி ஓட்டிக்கொண்டு போனார். அத்தா கருவாட்டுக் கொட்டகையில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனார். ஊசியில் சணல் கோக்க அவருக்கு நேரமாகும். ஒரு பக்கத்துத் தூரம் அவருக்குப் பிடிபடவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாலைந்து ஊசியில் கோத்து வைத்துவிட்டு வருவேன். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமைகூட உண்டு.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது பெரியத்தா மௌத்தானார். அத்தா வேலையைப் போட்டுவிட்டு, கருவாட்டு வாடையோடு அப்படியே ஓடினார். உடலைச் சுமந்த சந்தூக்கு தெருவுக்கு வந்ததும் முன்வரிசைக்குப் போய்த் தோள் கொடுக்கப் பார்த்தார். பெரியத்தாவின் மூத்த மகன் அவர் மார்பில் கையை வைத்து விலக்கினான்.

“கூப்பிட்டப்ப வரலேல? இப்ப எதுக்கு வாறீக?”

அத்தா விலகி நின்று, கூட்டத்தின் கடைசியில் சேர்ந்துகொண்டார். குருட்டுக்கண் பக்கம் சுவரில் இடித்துவிடாமல் இருக்கக் கையால் தடவியபடியே நடந்து போனார்.

நான் பெண்களோடு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தேன். எனக்கு அத்தனை கோபம். ஐந்து வருஷத்தில் அத்தா ஆஸ்பத்திரியில் சொன்னதையே நானும் நம்பிவிட்டிருந்தேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அத்தாதான் போகவில்லை. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் ஞாபகத்துக்கு வந்தது.

“ஒரு தடவ போகலேங்கிறதுக்கு இம்புட்டு அவமானமா? அத்தா போயிருந்தாத்தான் என்னவாம்?” என்று அம்மாவிடம் அழுதேன்.

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியாதாக்கும்?”

சத்தியமாகத் தெரியவில்லை. ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று அவள்மேலும் கோபித்துக்கொண்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.