இரண்டு பாட்டில் மூடிகள்

கணினிக் கடையின் மாடியறைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது ஒரு சமையலறைத் தராசுதான். மாவும் சர்க்கரையும் நிறுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தத் தராசு, பதினேழு ஆண்டுகளாக மடிக்கணினிகளை மட்டுமே நிறுத்துவந்தது. அதற்கு உரியவளைக் கடையில் எல்லாரும் 'தராசக்கா' என்று அழைத்தார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த முதலாளியும் அப்படித்தான் அழைத்தார்.

புதிதாக வந்திறங்கும் மாதிரிகளைச் சோதித்து, எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்வது அவள் வேலை. அலுவலகத்துக்கும் படிப்புக்கும் வாங்குகிற சாதாரணக் கணினிகளை அரைமணியில் முடித்துவிடுவாள். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட உயர்விலை மடிக்கணினி வந்தால்தான் அவளுக்குக் கை பரபரக்கும். முதலில் தராசில் ஏற்றுவாள். செங்கல் போன்ற அதன் சார்ஜரையும் சேர்த்தே ஏற்றுவாள். "யானைய வாங்குறவன் அங்குசத்தையும் சேர்த்துத்தானே தூக்கணும்?" என்பாள். பிறகு அதைச் சோதனை மேசையில் வைத்து, பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் தண்ணீர் பாட்டிலின் மூடி ஒவ்வொன்றை நுழைத்து, கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை ஒருமணி நேரம் ஓடவிடுவாள். விசைப்பலகையின் நடுவில் எத்தனை டிகிரி, விசிறியின் இரைச்சல் எத்தனை டெசிபல், எத்தனையாவது நிமிடத்தில் வேகம் தளர்கிறது என்பதெல்லாம் கோடு போட்ட நோட்டில் ஏறும்.

வாங்க வருபவர்களோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பார்கள். மெலிதாக இருக்க வேண்டும், சுடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வேகமும் குறையக் கூடாது.

"போர்வை சின்னதுங்க," என்பாள் அவள். "தலைய மூடினா கால் தெரியும், கால மூடினா தலை தெரியும். உங்களுக்கு எது குளிர் தாங்கும்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி இழுத்துப் போர்த்திடலாம்."

இந்த ஞானம் அவளுக்குக் கடையில் வந்ததன்று. பதினோரு வயதில், வீட்டு நடையின் கோடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வந்தது. அப்பா தம் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினியொன்றைச் சுமந்துவந்து அங்கேதான் வைத்தார். அதில் ஓடிய விளையாட்டு ஒன்றே ஒன்று; அதுவும் கார்ப் பந்தயம். பத்து நிமிடம் ஓட்டினால் பெட்டி சூடேறித் திரை உறைந்துவிடும். அவளைவிட நான்கு வயது மூத்த அண்ணன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறியை அதன் வயிற்றைப் பார்த்துத் திருப்பிவைத்தான். கணினி ஓடியது. வீடு வேர்த்தது.

"மனுஷிக்கு வேர்க்குது, பெட்டிக்கு விசிறியா? நல்லாருக்கு உங்க நியாயம்!" என்பாள் அம்மா.

"பெட்டி நின்னுட்டா ரெண்டும் அடிச்சுக்கும். அதுக்கு வேர்வையே தேவலாம்," என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் தீர்ப்பு வரும்.

இருவருக்கும் விசைப்பலகை ஒன்றுதான். பல நாள் சண்டைக்குப் பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: அண்ணன் ஓட்டுவான், அவள் பிரேக் போடுவாள். அம்புக்குறி விசைகள் அவனுக்கு; அடியில் நீளமாகக் கிடக்கும் விசை அவளுக்கு. வளைவு வரும்போது அவன் "இப்போ!" என்பான். முந்தி அழுத்தினால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். பிந்தி அழுத்தினால் கார் பாலத்தைத் தாண்டி ஆற்றில் விழும். பெரும்பாலும் ஆற்றில்தான் விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்கு அவள் பெயர் 'பிரேக்கு'. அவள் பெருவிரல் பட்டுப் பட்டு, அந்த நீள விசையின் நடுப்பகுதி கண்ணாடிபோல் மின்னத் தொடங்கியது. சூடான தூசியின் மணமும், செருப்புத் தோலின் மணமும், விசிறியின் முனகலும் கலந்த அந்த நடைதான் அவளுடைய விடுமுறைகள் அனைத்தும். இன்றும் மாடியறையில் ஏதேனும் ஒரு கணினியின் விசிறி மெல்ல வேகமெடுக்கும்போது அவள் பெருவிரல் தானாகவே மேசையைத் தேடும்.

காலம் இருவரையும் தனித்தனித் தெருவுக்கு இழுத்துப் போயிற்று. அண்ணன் லிஃப்டு மெக்கானிக் ஆனான். மருத்துவமனைச் செவிலி ஒருத்தியை மணந்தான். நல்லது கெட்டதுக்கு மட்டும் தொலைபேசி பேசியது. 'பிரேக்கு' என்று அழைப்பாரில்லாமல் அந்தப் பெயர் துருப்பிடித்தது.

சென்ற ஆண்டு, பழுதான லிஃப்டின் மேல்தட்டிலிருந்து சறுக்கி விழுந்து அவன் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஐந்து மாதம் படுக்கைதான் என்றார் மருத்துவர். இரண்டு மாதம் போனபின் ஒருநாள் அண்ணி அழைத்தாள்.

"ஆஸ்பத்திரில இருக்கிற நோயாளியெல்லாம் எங்கிட்ட வாய் ஓயாம பேசறாங்கம்மா. வீட்டு நோயாளி சுவரப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறார். சாப்பிட்டீங்களான்னா 'உம்'. வலிக்குதான்னா 'உம்'. எலும்பு கூடிடும். மனுஷன் திரும்பி வருவாரான்னுதான் பயமா இருக்கு."

தராசக்கா உடனே அண்ணனை அழைத்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அண்ணா, கார் ஓட்டலாமா?"

அவன் திரும்பிப் படுக்கும் கட்டில் சத்தம் கேட்டது. பிறகு, "படுத்துக்கிட்டே ஓட்டற மாதிரி ஒரு லாப்டாப் பாரு," என்றான். இரண்டு மாதத்தில் அவன் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான் என்றாள் அண்ணி.

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குக் கணினி தேர்ந்து கொடுத்தவளுக்கு, இந்த ஒன்றைத் தேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அண்ணனுக்கு ஒற்றை அறை வீடு. இரவுப் பணி முடிந்து வரும் அண்ணி, பகலில் அதே அறையில் ஒரு திரைக்குப் பின்னால்தான் தூங்குவாள். ஆகவே சத்தம் கூடாது. சாய்ந்து படுத்திருப்பவன் மீது வைப்பது. ஆகவே கனமும் கூடாது, சூடும் கூடாது. அவன் ஓட்டப்போவது இக்காலத்துப் பந்தயம். ஆகவே வலுவும் வேண்டும்.

கடையில் மூன்று கணினிகள் எஞ்சின. முதலாவது, பார்த்தவர் மயங்கும் மெலிவு. ஆனால் மெலிந்த உடம்புக்குள் சிறிய விசிறிகள் கொசுபோல் கீச்சிட்டன, விசைப்பலகையில் ஆம்லெட் போடலாம். இரண்டாவது, பெயருக்குத்தான் மடிக்கணினி; சார்ஜரோடு நான்கரைக் கிலோ. வலுவில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இடுப்பொடிந்தவன் மேல் வைப்பதற்கு இரக்கமில்லாத மனம் வேண்டும். மூன்றாவது, நடுத்தரம். முதலாவதில் இருந்த அதே பெயருள்ள கிராஃபிக்ஸ் சிப்தான் இதிலும். ஆனால் மூச்சுவிட இடமிருந்ததால் இதில் ஏறத்தாழ இருமடங்கு மின்சாரத்தைக் குடித்து ஓடியது. நாற்பத்தொரு டெசிபல், விசைப்பலகையில் முப்பத்தேழு டிகிரி, ஒருமணி நேரத்தில் வேகம் தளரவே இல்லை. நோட்டில் இதைச் சுற்றி ஒரு வட்டமும், வட்டத்தைச் சுற்றி மற்றொரு வட்டமும் போட்டாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன தராசக்கா, மாப்பிள்ளை பாக்கறியா?"

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்க மாட்டேங்க," என்றாள்.

சனிக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தாள். நோட்டைப் பிரித்து எண்களையும் படித்துக் காட்டினாள். அண்ணன் தலையாட்டினான்; லேசாகச் சிரித்ததுபோலவும் இருந்தது. மெத்தைமேல் வைத்துவிட்டு அவசரமாகக் கடைக்குத் திரும்பினாள்.

அதன்பின் தினமும் தொலைபேசியில் விசாரித்தாள்.

"எப்படிண்ணா இருக்கு?"

"நல்லாருக்கு."

"சூடு?"

"ம்ஹூம்."

"சத்தம்?"

"இல்லவே இல்ல."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அணைத்துவைத்த கணினி சுடுவதுமில்லை, சத்தம் போடுவதுமில்லை.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோதுதான் உண்மை தெரிந்தது. மூடிய கணினி தட்டாக மாறியிருந்தது. அதன்மேல் மாத்திரை அட்டைகள், ஒரு சீப்பு, தண்ணீர்த் தம்ளர் வைத்துவைத்து விழுந்த வட்டத் தடம். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரைக்கு அப்பால் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

தராசக்கா கட்டிலருகே போனாள். எதுவும் கேளாமல் தட்டைக் காலிசெய்து, கணினியைத் திறந்து, அவன் பக்கத்தில், போர்வைமேல் வைத்துப் பந்தயத்தை ஓடவிட்டாள். ஐந்தாம் நிமிடம் விசிறி முனகியது. ஏழாம் நிமிடம், தலைமுடி உலர்த்தும் கருவிபோல் ஊளையிட்டது. திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அண்ணன் சட்டென்று கையை நீட்டிக் கணினியை மூடினான்.

"பார்த்தியா? முதல் ரெண்டு நாளும் இப்படித்தான்," என்றான் கிசுகிசுப்பாக. "ராத்திரி பூரா நின்னுட்டு வந்து படுக்கறா. அவ தூக்கத்தக் கெடுத்துட்டு நான் காரா ஓட்டணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நோட்டெல்லாம் போட்டு அளந்து எடுத்துட்டு வந்த. தப்புன்னு சொல்ல மனசு வரல."

அவள் கணினியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியிலிருந்த காற்றுத் துளைகளைப் போர்வையின் பஞ்சு அடைத்திருந்தது. பின்கால்கள் இரண்டும் போர்வைக்குள் புதைந்து கிடந்த தடமும் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டில் மூடிகள்!

நடைக்கோடியில் தகட்டைக் கழற்றிய நாளிலிருந்தே, பெட்டிக்குக் காற்று விடுவது அவள் கைக்குப் பழக்கமாகிவிட்டது. பதினேழு ஆண்டுகளாகத் தூக்கிவைத்தே அளந்திருக்கிறாள். கண் எண்களைப் பார்த்தது. கை செய்ததைக் கண் பார்க்கவில்லை. வாங்கிப் போனவர்களுள் யார் வீட்டில் பாட்டில் மூடிகளை அடியில் வைக்கப் போகிறார்கள்? மெத்தையில் வைத்தவர்கள் எத்தனை பேர், தலையணையில் வைத்தவர்கள் எத்தனை பேர்?

"அண்ணா," என்றாள், முகம் சிவக்க. "நான் அளந்தது இத இல்ல. மேசையில, மூடி மேல உட்கார்ந்திருந்த வேற ஒண்ண அளந்திருக்கேன்."

விவரத்தைச் சொன்னாள். அண்ணன் அடைபட்ட துளைகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"அடியில காத்து போகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

லிஃப்டு மெக்கானிக்கின் கண்கள் அறையைச் சுற்றின. சன்னல், நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் தாண்டி, மூலையில் மடித்துச் சார்த்தியிருந்த அண்ணியின் இஸ்திரிப் பலகையில் போய் நின்றன.

"அதுல துணியக் கழட்டு. அடியில என்ன இருக்கு பாரு."

கழற்றினாள். நீராவி இறங்குவதற்காக, பலகை முழுவதும் இரும்பு வலையாக இருந்தது.

"கால கட்டிலுக்கு அடியில தள்ளு. நெம்புகோல அமுக்கு, உயரம் இறங்கும். இன்னும் கொஞ்சம். போதும் போதும், என் வயித்துல இஸ்திரி போட்டுடாத!"

பலகை அவன் நெஞ்சுக்கு முன்னால், அவனைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கனம் அவன்மேல் இல்லை; அடியிலோ வெறும் காற்று. தராசக்கா துளைகளிலிருந்த பஞ்சை ஊதித் தள்ளினாள். மனம் கேளாமல் கைப்பையைத் துழாவி இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்துப் பின்கால்களுக்கு வைத்தாள். பிறகு, விநாடிக்கு நூற்றிருபது காட்சிகள் காட்டியதை அறுபதாகக் குறைத்து, சிப் குடிக்கும் மின்சாரத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் கட்டுப்படுத்தினாள்.

"வாங்கினதுல பாதியப் பிடுங்கிட்டியே!"

"லாயத்துலயே நிக்கிற குதிரைக்கு வேகம் எதுக்கு? ஓடற வேகம் போதும் உனக்கு."

கடைசியாகக் கைபேசிச் செயலியால் இரைச்சலை அளந்தாள். இம்முறை கணினிக்குப் பக்கத்தில் நின்று அளக்கவில்லை. நுனிக்காலில் நடந்து, திரைக்கருகில், அண்ணியின் தலைமாட்டில் நீட்டி அளந்தாள். முப்பத்துமூன்று டெசிபல். கட்டில் கிரீச்சிடவில்லை.

முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தாள். சொல்லிவைத்ததுபோல் அவன் கை அம்புக்குறிகளுக்குப் போயிற்று. அவள் பெருவிரல் நீள விசைமேல் அமர்ந்தது. இந்தக் காலத்துக் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. மரம், சுரங்கம், பாலம். வளைவு வந்தது.

"இப்போ!"

அவள் அழுத்தினாள். ஒரு கண்ணிமைப்பொழுது பிந்திவிட்டது. கார் பாலத்தின் தடுப்பை உடைத்து, மெதுவாகப் புரண்டு, ஆற்றில் விழுந்தது.

அண்ணன் வெடித்துச் சிரித்தான். சிரித்து, "ஐயோ இடுப்பு!" என்று பிடித்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தான். "ஏ பிரேக்கு! முப்பது வருஷமாச்சு, நீ இன்னும் திருந்தலையா?"

திரை சரேலென்று விலகியது. தலைவிரிகோலமாக அண்ணி நின்றாள். அண்ணனும் தங்கையும் திருடிய பண்டத்தோடு அகப்பட்டவர்கள்போல் உறைந்தார்கள்.

"மிஷின் சத்தத்துல முழிச்சிட்டீங்களா அண்ணி?" என்றாள் தராசக்கா, போன உயிர் இன்னும் திரும்பாமல்.

"மிஷினா? எந்த மிஷின்?" அண்ணி கண்ணைக் கசக்கினாள். "இவர் சிரிச்சாரே, அதுலதான் முழிச்சேன்." அவனையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றவளின் பார்வை, பிறகு துணியிழந்த பலகையில் விழுந்தது. "அது சரி, என் யூனிஃபார்ம எதுல தேய்க்கிறதாம்?"

"சுருக்கத்தோடயே போயேன்," என்றான் அண்ணன். "நம்மள மாதிரியே ஒரு ஜீவன்னு நோயாளிங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

"வாய் வந்துடுச்சு," என்று அண்ணி திரையை இழுத்து மூடினாள். மூடிய திரைக்குள்ளிருந்து குரல் வந்தது: "நிறுத்தாதீங்க. ஓட்டுங்க."

திங்கட்கிழமை, சோதனை அறைக்குள் தராசக்கா ஒரு பழைய தலையணையோடு நுழைந்தாள். நோட்டில் 'மேசை', 'தலையணை' என இரண்டு பத்திகள் பிரித்துக் கோடு போட்டாள்.

"தூங்கறதுக்கா தராசக்கா?" என்றார் முதலாளி.

"இது படுத்துக்கிட்டும் வேலை செய்யுமான்னு பாக்கப்போறேன் முதலாளி," என்று சொல்லிவிட்டுப் புதிதாக வந்த கணினியைத் தலையணைமேல் வைத்தாள். கை பழக்கத்தில் கைப்பைக்குள் மூடிகளைத் தேடிப் போயிற்று. அங்கே அவை இல்லை. அண்ணன் வீட்டு இஸ்திரிப் பலகையிலேயே தங்கிவிட்டன.