பத்தவைக்க முடியாதாம்

எங்கள் அப்பா எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பார்ப்போம் என்பார். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகிறார்கள் என்று நான் போய் நின்றாலும் பார்ப்போம். பிறந்த வீட்டுக்கு நாலு நாள் போய்வரட்டுமா என்று அம்மா கேட்டாலும் பார்ப்போம். சுற்றுலா பஸ் கிளம்பிப் போயிருக்கும், அப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளைத் திட்டவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார். ஒரே ஒரு குற்றத்துக்கு மட்டும் விலக்கு. பொய் சொன்னால் பிரம்பு வரும். நடுநிலைப் பள்ளி வாத்தியார் வீட்டில் பிரம்புக்கா பஞ்சம்?

அக்கா அப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். தச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் போவதென்றால் ஜங்ஷனில் இறங்கி மாற வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் சாதிச் சண்டை ஓயாமல் நடந்த காலம். காலையில் போன பஸ் சாயங்காலம் திரும்புமா என்பது டிரைவருக்கே தெரியாது. அதனால் அப்பா, கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரிடமிருந்து பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். பச்சை நிறம் என்று பெயர், பெயின்ட் போன இடம்தான் அதிகம். அதில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி அக்கா இரண்டு வருஷம் போய்வந்தாள். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் வழியில் என் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள்.

எனக்குப் பத்து வயது. அந்தச் சைக்கிளிலிருந்து இறங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி நடந்து போவேன். அக்கா படிப்பு முடிந்ததும் இது உனக்குத்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம்.

அக்கா மூன்றாம் வருஷம் தொடங்கிய ஜூன் மாதம், ஒரு காலையில், ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது சைக்கிள் ஒரு குலுங்கு குலுங்கியது. ஹேண்டில்பாருக்குக் கீழே பிரேம் விட்டுப்போய், இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்காவுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் பாவாடையை நனைத்தது. பின்னால் வந்த ஒரு பையன், அவனும் காலேஜில் படிக்கிறவன்தான், ஓடிவந்து அக்காவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். எனக்கு சோடா வாங்கித் தந்தான். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் வந்தான்.

அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரித்தார். அவன் சொன்னான். எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவன் போனபிறகு, அந்த அண்ணன் அக்கா கையைப் பிடித்துத் தூக்கியது, அக்கா அழுதபோது கைக்குட்டை கொடுத்தது எல்லாவற்றையும் நான் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.

சாயங்காலம் அப்பாவே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, பத்தவைக்க முடியுமா, இல்லை பிரேமையே மாற்ற வேண்டுமா என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டுவரச் சொன்னார். பெரிய மனுஷி மாதிரி நடந்து போனேன்.

சைக்கிள் கடை அண்ணாச்சி எங்கள் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். விரிசல் விட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"குழாய் ஒரு எடத்துலதான் விட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல. பித்தளை வச்சுப் பத்த வச்சிட்டா இன்னும் பத்து வருசம் ஓடும். சரின்னா நாளைக்கே முடிச்சுத் தாரேன்னு அப்பாட்ட சொல்லு."

நான் அவரைப் பார்க்கவில்லை. மேலே விட்டத்தில் புது லேடீஸ் பிரேம் ஒன்று கம்பியில் தொங்கியது. நல்ல சிவப்பு. தூசி படாமல் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. அது விற்கிறதற்கா என்று கேட்டேன். ஒங்களுக்கு எதுக்குட்டி அது, இருக்கிறதே போதும் என்று சிரித்தார். வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சிவப்பு சைக்கிளில் நான் பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கிவிட்டேன்.

"பத்தவைக்க முடியாதாம்ப்பா. புது பிரேம்தான் போடணுமாம்."

அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். அண்ணாச்சியே சொன்னாரா என்று கேட்டார். ஆமா என்றேன். பார்ப்போம் என்றார்.

இரண்டு நாள் கழித்து அப்பா கடைக்குப் போனார். தொலைந்தோம் என்று நான் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அண்ணாச்சி சொல்லிவிடுவார், பிரம்பு வரும். அப்பா சைக்கிளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் போட்டார். கைகால் கழுவினார், காப்பி குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பழையது வீட்டுக்கு வந்துவிட்டதால் புதுசு வரப்போகிறது என்று நான் கணக்குப் போட்டேன்.

அக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னைப் பக்கத்தில் இழுத்துக் கேட்டாள்.

"ஏட்டி, நெசமாவே முடியாதுன்னா சொன்னாரு?"

நெல்லையப்பர் சத்தியமா என்றேன். சிவப்பு சைக்கிள் வந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். கால் ஆறியதும் தானே போய்க் கேட்டுவருகிறேன் என்று அவள் கிளம்பினாள். குமரிப்பிள்ளை சைக்கிள் கடையில் போய் நிற்பாளா, அதுதான் தங்கச்சி கேட்டுவந்துவிட்டாளே என்று அம்மா மறித்துவிட்டாள்.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம்தானே, பஸ்ஸிலாவது போகட்டும் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப்பார்த்தாள். வழியில் ஒன்று ஆகிவிட்டால் நீ பதில் சொல்வாயா என்று அப்பா கேட்டார். அப்படியானால் புது பிரேமாவது வாங்குங்கள் என்றாள். ஆடி போகட்டும் என்றார். கல்லூரிக்கு வராததைக் கேட்டுக் கடிதம் வந்தது. அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, அதற்கும் பார்ப்போம் என்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மேல்படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற கை அது.

ஆடி போனது. மணிமுத்தாறு அணையில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளைக்காக அவர் வீட்டார் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலம் அக்கா அப்பா முன்னால் போய் நின்றாள்.

"புது பிரேம் போட்டுத் தந்தியன்னா, விட்ட பாடத்த ரெண்டு மாசத்துல படிச்சிருவேம்ப்பா."

அப்பா அப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

புரட்டாசியில் ஒரு விடுமுறை நாள் காலையில் அப்பா கிணற்றடியிலிருந்து சைக்கிளைத் தூக்கினார். என்னையும் கூட வரச் சொன்னார். கடையில் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, இதைப் பத்த வைத்துவிடுங்கள் என்று நேரே சொன்னார்.

"அன்னைக்கே முடிச்சிருப்பேனே சார்வாள். நீங்கதான கெடக்கட்டும்னு எடுத்துட்டுப் போனிய" என்றார் அண்ணாச்சி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது திரும்பி என் காதைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அப்பா என் தலையில் கைவைத்து, இனி இவதான் ஓட்டணும், சீட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க என்றார். சாயங்காலமே சைக்கிள் கைக்கு வந்தது. அண்ணாச்சி சும்மாவே பச்சைப் பெயின்டும் அடித்துக் கொடுத்தார். அடி விழாத நிம்மதியில் அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

என் பொய்யை அப்பா கண்டுபிடிக்கவில்லை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை கடைக்குப் போன அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளையின் பொய்க்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் ஒளிந்துகொண்டார். அதே சைக்கிளில் நான் அதே கல்லூரிக்குப் போனேன், அதே கணக்கைப் படித்தேன். என் மகளைப் படிக்க வைத்தேன் என்று அப்பா சாகிறவரை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்த வருஷம் தலை தீபாவளிக்கு அக்காவும் அத்தானும் மணிமுத்தாறிலிருந்து வந்தார்கள். அத்தானை அப்பா உள்ளே அழைத்துப் போனார். அக்கா வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்து நின்றுவிட்டாள். கிட்டே போய், ஹேண்டில்பாருக்குக் கீழே மேடாக இருந்த இடத்தைத் தடவிப்பார்த்தாள். இது என் சைக்கிள், அப்பா எனக்குப் பத்த வைத்துக் கொடுத்தார், எனக்கு ஓட்டவும் தெரியும் என்று நான் அவள் கையைப் பிடித்துக் குதித்தேன். உன்னைப் பின்னால் வைத்து ஓட்டட்டுமா என்று கூடக் கேட்டேன்.

"எத்தனை நாளாச்சு பத்த வைக்க?" என்று கேட்டாள்.

"ஒரே நாள்தான்க்கா. காலைல கொடுத்தோம், சாயங்காலமே தந்துட்டாரு" என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பஸ்ஸில் வந்த அலுப்பு, எழுப்பாதே என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தெருவில் சைக்கிள் ஓட்டப் போனேன்.